நின்றாலும் எழுபத்திரண்டு

கட்டிப் போடுவார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மேஜைமேல் படுக்க வைப்போம், இருபது நிமிஷம் கழித்து மேஜையோடு சேர்த்து உங்களை நிமிர்த்துவோம், அப்போது ரத்த அழுத்தம் என்ன செய்கிறது என்று பார்ப்போம், அவ்வளவுதான் சார், என்றுதான் நேற்று டாக்டர் பெனிட்டா சொல்லியிருந்தார். இப்போது பார்த்தால் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வார், முழங்காலுக்கு மேலே ஒரு வார். ஸ்டீபன் என்ற நரைமீசைக்கார டெக்னீஷியன் இரண்டாவது வாரை இழுத்து மாட்டிவிட்டு, "இறுக்கமா இருக்கா சார்?" என்று கேட்டார். இறுக்கமாகத்தான் இருந்தது. "இல்ல" என்றார் ஆவுடையப்பன். ஒருவன் நம் சௌகரியத்தை விசாரிக்கும்போதுதான் அவன் கையைப் பார்க்க வேண்டும் என்பது இருபத்தெட்டு வருஷ உத்தியோகத்தில் அவர் கண்டது. திருநெல்வேலி சுற்றுவட்டாரத்தில் கடை கடையாக ஏறித் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை வைக்கும் ஆய்வாளர் அவர். வாங்க சார், ஃபேனுக்குக் கீழே உக்காருங்க, மோர் குடிக்கியளா என்று எவன் ஓடி வருகிறானோ அவன் தட்டுக்கு அடியில்தான் காந்தம் ஒட்டியிருக்கும். தராசைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கடைக்காரன் மூஞ்சியைப் பார்ப்பார். மேலுதட்டில் வேர்வை பொடித்திருக்கிறதா, எச்சில் விழுங்குகிறானா, கண் எங்கே போகிறது. இப்போது படுத்தவாக்கிலேயே கண்ணைச் சாய்த்துக் கதவுப் பக்கம் பார்த்தார். உலகம்மாள் நின்றிருந்தாள். அவளை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது. கையில் பிளாஸ்டிக் பை. அவள் கண் வாரின்மேல் இருந்தது. வாரை ஏன் பார்க்கிறாள்? கட்டச் சொன்னவர்கள்தானே கட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். திங்கட்கிழமை அட்மிஷன் போட்ட அன்றைக்கு இவரை வீல்சேரில் வராந்தாவில் விட்டுவிட்டு அவள் மட்டும் டாக்டர் அறைக்குள் போனாள். கண்ணாடிக் கதவு. பத்து நிமிஷம். அவள் வாய் அசைவது தெரிந்தது, டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தது தெரிந்தது, ஒரு சொல் கேட்கவில்லை. வெளியே வந்தவளிடம் என்ன பேசுன என்று கேட்டதற்கு, "சும்மா, ஒங்க ஒடம்பப் பத்தித்தான்" என்றாள். சும்மா பேச்சுக்கு எந்த டாக்டர் பேனாவைக் கீழே வைப்பார்?

கையில் சுற்றிய பட்டை உப்பியது, பிடித்தது, புஸ்ஸென்று விட்டது. விரல் நுனியில் ஒரு கிளிப். நெஞ்சில் ஒட்டிய நாலைந்து ஒட்டுகளிலிருந்து ஒயர்கள் தலைமாட்டுத் திரைக்குப் போயின. அவர் பார்க்க முடியாத இடத்தில் அந்தத் திரை இருந்தது, ஸ்டீபன் பார்க்கிற இடத்தில். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதை உரித்து எடுப்பதே ஒரு வேலை. நாலு மாசமாக வாயில் எச்சில் என்று ஒன்று கிடையாது. பங்குனியில் டவுன் மார்க்கெட்டில் நின்று முத்திரை வைத்துக்கொண்டிருந்தபோதுதான் முதலில் தெரிந்தது. மற்றவன் சட்டையெல்லாம் முதுகோடு ஒட்டிக்கிடக்க, இவர் சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. சாருக்கு மட்டும் ஏசி ஓடுது போலிருக்கு என்று ஒரு வெங்காயக்கடைக்காரர் சிரித்தார். இவரும் சிரித்தார். உள்ளே அடுப்பு எரிகிற மாதிரி உடம்பு காந்தியது, ஒரு சொட்டு வேர்க்கவில்லை. பிறகு கண். நண்பகலில் ரோடு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும், எதிரில் வருகிறவன் முகம் அதில் கரைந்துபோகும். பிறகு ஒன்றுக்குப் போக நின்றால் வராமல் பத்து நிமிஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது. வயிறு நாலு நாளைக்கு ஒருமுறை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ அளந்து அளந்து கொடுக்கிற மாதிரி. யாரோ. அந்தச் சொல் முதலில் எப்போது வந்தது என்று அவருக்கு ஞாபகம் இல்லை. கொல்லையில் கிணற்றடிக்குப் பின்னால் ஊமத்தைச் செடி ஒன்று ஆள் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்ததைப் பார்த்த அன்றாக இருக்கலாம். போனில் தேடினார். ஊமத்தை உள்ளே போனால் நா வறளும், கண்மணி விரியும், தோல் காயும், சிறுநீர் கட்டும், மலம் கட்டும், நெஞ்சு படபடக்கும். ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கினார். நெஞ்சு படபடப்பு மட்டும் இல்லை. ஆறில் ஐந்து சரி. அக்கா சண்முகவடிவு தூத்துக்குடியிலிருந்து பேசியபோது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எல, அவ கல்யாணத்துக்கு முன்னால நாட்டு மருந்துக் கடையில இருந்தவ. எது எதுல எவ்வளவுன்னு தெரிஞ்சவ. பாத்து இருந்துக்கோ." அக்கா ஒன்றும் தெரியாமல் பேசுகிறாள் என்று அப்போது அவளைக் கடிந்துகொண்டார். கடிந்துகொண்டுவிட்டு அன்று ராத்திரிப் பாலை வாஷ்பேசினில் ஊற்றினார்.

அதற்கப்புறம் எல்லாமே தெரிய ஆரம்பித்தது. தெரிய ஆரம்பித்தால் நிற்காது, ஒரு கடையில் ஒரு கல் சந்தேகம் என்றால் அடுத்தடுத்த கல்லெல்லாம் இலேசாகத் தோன்றுவதுபோல. அவள் ஏன் இவருக்குத் தட்டு வைத்துவிட்டு அடுக்களை வாசலிலேயே நின்று இவர் சாப்பிடுவதைப் பார்க்கிறாள்? ஏன் முதல் வாய் போனதும், "நல்லா இருக்கா? ஒண்ணும் செய்யலியே?" என்கிறாள்? ஒன்றும் செய்யலியே என்று எந்தப் பெண்டாட்டி கேட்பாள்? முதல் தாரம் செண்பகம் கேட்டதே இல்லை. செண்பகம் தட்டை வைத்துவிட்டு டிவிக்குப் போய்விடுவாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் இருந்திருந்தால் இந்த நோவு வந்திருக்காது என்று நினைத்தார், உடனே அவளைப் புதைத்த நோவு ஞாபகம் வந்து அந்த நினைப்பை ஒதுக்கினார். அட்மிஷனுக்கு முந்திய பதினொரு நாளும் உலகம்மாள் கையால் ஒரு பருக்கை சாப்பிடவில்லை. ஆபீஸ் போகிறேன் என்று கிளம்பி வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் இட்லி, மத்தியானம் வேறொரு கடையில் தயிர்ச்சோறு, ராத்திரி வயிறு சரியில்லை. தண்ணீர்கூடக் கடை பாட்டில். பதினொரு நாளில் உடம்பு தேறியிருக்க வேண்டும். தேறவில்லை. ஒன்பதாம் நாள் குளியலறையில் நின்றவர் நின்றபடியே சரிந்து, வாளியில் தாடை மோதி விழுந்தார். இந்த இடத்தில் அவர் நினைப்பு ஒவ்வொரு முறையும் இடறும். அவள் கையால் சாப்பிடாமலே ஏன் மோசமாகிறது? இடறும், கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு வழி கண்டுபிடித்துக்கொள்ளும். பற்பசையில் இருக்கலாம். எலும்பில் ஊறிப்போயிருக்கலாம். கடைக்காரனுக்கும் அவளுக்கும் பழக்கம் இருக்கலாம். கடைசியில் சொன்னது பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தெரிந்தது, ஆனாலும் மறுநாள் இட்லிக்கடையை மாற்றினார். அதற்கு முன் பார்த்த மூன்று டாக்டர்களும் டென்ஷன் என்றார்கள். ஒருவர் தூக்க மாத்திரை மாதிரி ஒன்று எழுதிக்கொடுத்தார். அதைப் போட்டால் வாய் இன்னும் வறண்டது, தலை இன்னும் சுற்றியது. அந்த டாக்டரிடம் கூட்டிப்போனது யார்? உலகம்மாள். இந்த டாக்டர் பெனிட்டாவிடம் கூட்டி வந்தது யார்? அவளே. பதினெட்டு நிமிஷம் ஆச்சு சார் என்றார் ஸ்டீபன், யாரும் கேட்காமலே.

நிமிர்த்தப் போறேன் என்றார் பிறகு. மோட்டார் முனகியது. தலை மேலே ஏறியது, பாதம் கீழே போய் ஒரு பலகையில் ஊன்றியது, அறை மெதுவாகத் தன் இடத்துக்கு வந்தது: எதிர்ச்சுவரில் கைகழுவும் முறை பற்றிய படம், ஒரு ஸ்டூல், கதவு, கதவில் அவள். எழுபது டிகிரி என்றார் ஸ்டீபன். நிற்பதுபோலும் இருந்தது, மாட்டிவைத்ததுபோலும் இருந்தது. ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது, இன்றைக்கென்று ஒன்றும் ஆகாமல் போனால் இவர்கள் என்ன செய்வார்கள், நாலாவது டாக்டரும் டென்ஷன் என்று எழுதுவாரா. பிறகு பிடரியில் தொடங்கியது, தோள்பட்டை இரண்டையும் யாரோ கொக்கியில் மாட்டித் தூக்குகிற வலி. அது வந்தால் அடுத்தது வரும். கைகழுவும் படத்தின் ஓரம் கறுத்தது. அதிலிருந்த ஆறு கைகள் ஐந்தாயின, நாலாயின. பட்டை கையைப் பிடித்து விட்டது. நூத்திப் பதினாலு என்று எங்கோ ஒரு குரல். தொண்ணூறு. காதில் மழை மாதிரி ஓர் இரைச்சல், குற்றாலத்தில் அருவிக்கு அந்தப்பக்கம் நின்றால் கேட்குமே அந்த இரைச்சல், அவர் சத்தம் போட்டுச் செண்பகத்தைக் கூப்பிடுகிறார், அவள் எண்ணெய்த் தலையோடு திரும்பிப் பார்க்கிறாள், இல்லை, அது உலகு, அவளை அவர் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனதே இல்லையே, ஏன் கூட்டிப் போகவில்லை, ஒருமுறை கேட்டாளே, சீசன் முடியட்டும் என்றாரே, எழுபத்தெட்டு சார் என்ன செய்யுது பேசுங்க சார், வெங்காயக்கடைக்காரர் சிரிக்கிறார், தரையில் சிவந்த தோல் பறக்கிறது, கண்ணுக்கு நடுவில் ஒரு காலணா அளவு வெளிச்சம் மட்டும் மிச்சம், அந்த வெளிச்சத்துக்குள் அவள் முகம் வருகிறது, கதவிலிருந்து வருகிறது, பெரிதாகிறது, கை நீள்கிறது. பிடிக்க வருகிறாளா? முடிந்ததா என்று பார்க்க வருகிறாளா? இவ்வளவு நாள் பூட்டி வைத்திருந்த அந்த ஒன்று அவர் தொண்டையில் ஏறியது. உலகு, எதுல கலந்த? சொல்லு, எதுல கலந்த? அறுபத்திரண்டு, இறக்குங்க, இறக்குங்க.

கூரை. ஒரு டியூப்லைட், அதற்குள் செத்த பூச்சிகள். ரத்தம் தலைக்குத் திரும்புவது வெதுவெதுப்பாக, கிட்டத்தட்ட சுகமாக இருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டே அவர் முதலில் யோசித்தது தான் பிழைத்தோம் என்று அல்ல. அதைச் சொன்னேனா, நினைத்தேனா? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. ஒட்டியிருந்தால் சொல்லியிருக்க முடியாது. ஆனால் சொன்ன பிறகு ஒட்டியிருக்கலாம். ஸ்டீபன் மூஞ்சியைப் பார்த்தார். அவர் கவனமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் அதிகக் கவனமாக. கேட்டவன்தான் கேட்காத மாதிரி இருப்பான். கேட்காதவனும் அப்படித்தான் இருப்பான். கதவுப் பக்கம் திரும்பினார். அவள் இல்லை. பிளாஸ்டிக் பை மட்டும் ஸ்டூல்மேல் இருந்தது. "அவ எங்க?" என்றார். "டாக்டரக் கூப்பிடப் போயிருக்காங்க சார். உங்களுக்கு இப்ப எப்பிடி இருக்கு?" டாக்டரைக் கூப்பிட அவள் ஏன் போக வேண்டும், இந்த ஆளிடம் போன் இல்லையா? "நான் எதுவும் பேசுனனா?" ஸ்டீபன் ஒரு வாரைக் கழற்றினார். இரண்டாவது வாரைக் கழற்றினார். "மயக்கத்துல ஆளுக்கு ஆள் ஏதாச்சும் பேசுவாங்க சார். ஒருத்தர் போன வாரம் மேஜையில கெடந்துக்கிட்டு எம்பொண்ணு கல்யாணத்துக்கு எல்லாரும் வாங்கன்னு கூப்பிட்டாரு. நாங்க எதையும் எடுத்துக்கிட மாட்டோம்." அப்படியானால் சொல்லியிருக்கிறார். அவள் காதில் விழ, இன்னொரு ஆண்பிள்ளை முன்னால், சொல்லியிருக்கிறார். கன்னம் சுட்டது. சுட்டதே தவிர ஒரு பொட்டு வேர்க்கவில்லை. இருக்கட்டும் என்று நினைத்தார். உண்மையென்றால் வெளியே வரட்டும். இனி அவள் ஒன்றும் செய்ய முடியாது, சாட்சி இருக்கிறது. இப்படி நினைத்ததும் ஏனோ நெஞ்சுக்குள் ஒரு பிடிமானம் வந்தது. வந்தவேகத்தில் அது நழுவியது, ஏனென்றால் கடைசியாக அவர் பார்த்த அந்த முகத்தை இப்போது திரும்ப எடுத்துப் பார்க்கும்போது அதில் பயத்தைத் தவிர வேறொன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவரும் விடாமல் தேடினார்.

டாக்டர் பெனிட்டா தனியாகத்தான் வந்தார். ஸ்டூலிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். நீளமான தாள் ஒன்றை விரித்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார். "படுத்திருக்கும்போது உங்க பிரஷர் நூத்தி நாப்பத்தெட்டு. நின்ன அஞ்சாவது நிமிஷம் அறுபத்திரண்டு. இப்பிடி விழுந்தா யாரா இருந்தாலும் இதயம் பதறி அடிக்கணும், நூத்தி இருபது, நூத்தி முப்பதுன்னு ஓடணும். இந்தக் கீழ் வரியப் பாருங்க. படுத்தாலும் எழுபத்திரண்டு. நின்னாலும் எழுபத்திரண்டு. நீங்க விழுறது உங்க இதயத்துக்குச் சேதியே போகல." ஆவுடையப்பன் அந்த வரியைப் பார்த்தார். ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருந்தது. "டாக்டர்," என்றார், "ரத்தத்துல விஷம் இருக்கான்னு பாக்கணும்." சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். டாக்டர் திடுக்கிடவில்லை. "பாத்தாச்சு. திங்கக்கிழமையே ரத்தமும் சிறுநீரும் அனுப்பியாச்சு. எதுவும் இல்ல." "யாரு பாக்கச் சொன்னது?" "உங்க மனைவி." அவருக்குப் புரியவில்லை. டாக்டர் தாளை மடித்தார். "அன்னைக்கு உள்ள வந்து உக்காந்தாங்க. இவுக நான் பொங்குறதச் சாப்பிடுறதில்ல, எம்மேல சந்தேகப்படுதாக, சந்தேகம் தப்புன்னு என்னால நிச்சயமா சொல்ல முடியலன்னாங்க. கொல்லையில ஊமத்தை நின்னுச்சாம், கீரை பறிக்கிற இடம் அது, அறியாம ஏதாவது கலந்துபோச்சோ, அப்பிடி இருந்தா நான்தானே காரணம், நீங்களும் என்னைச் சந்தேகப்பட்டே பாருங்கன்னு சொன்னாங்க. அந்தச் செடிய வேரோட புடுங்கிப் போட்டுட்டாங்களாம். பரிசோதனை எழுதுற வரைக்கும் எந்திரிக்கல."

நாலு மாசமாகக் கட்டி எழுப்பிய ஒன்று சரியும்போது சத்தமே வராது என்பது அவருக்குத் தெரியாது. முதலில் வந்தது வெட்கம்கூட இல்லை, கோபம். "அப்ப யாரு செஞ்சது?" என்றார். "யாரும் செய்யல சார். வேர்க்குறது, எச்சில் ஊறுறது, வெளிச்சத்துல கண்மணி சுருங்குறது, நிக்கும்போது ரத்தத்த மேல ஏத்துறது, இதெல்லாம் நாம நெனச்சு நடக்குறதில்ல. அதுக்குன்னு தனியா நரம்பு இருக்கு. நடுநடுவுல முடிச்சு மாதிரி இருக்கும், ஒரு நரம்பு இன்னொண்ணுக்குச் சேதி கைமாத்துற எடம். கிருமிய அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உங்களுக்கு அந்த முடிச்சப் போய் அந்நியம்னு நெனச்சு அடிக்குது. அதுக்கான ரத்தப் பரிசோதனை வெளியூர்லருந்து இன்னைக்குக் காலையில வந்துச்சு, அதுவும் ஆமான்னு சொல்லுது. ரொம்ப அபூர்வம். இருபது வருஷத்துல நீங்க எனக்கு ரெண்டாவது ஆள்." யாரும் இல்லை என்பதை அவர் மனசு எடுத்துக்கொள்ள மறுத்தது. யாரோ இருக்க வேண்டும். வீட்டுக்குள் இத்தனை நாளாக ஒருவரை ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்தவன், பார்க்க வேண்டிய ஆளே அங்கில்லை, எல்லாம் தன் தோலுக்குள்ளேயே நடந்தது என்றால் எங்கே போய் நிற்பான்? லேப்பில் மாற்றி எழுதியிருக்கலாம் என்று ஒரு நினைப்பு பழகிய தடத்தில் தலையை நீட்டியது. அந்த நேர்கோட்டை மாற்றி எழுத முடியாது. அவர் நெஞ்சிலிருந்து, அவர் ஒயரிலிருந்து இப்போதுதான் வந்தது. "சரியாயிருமா?" என்று கேட்டார். "அஞ்சு நாள் ஒரு மருந்த நரம்பு வழியா ஏத்தப்போறோம். நிறையப் பேருக்குக் கேக்குது. எல்லாம் முழுசா திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன். நிக்கவும் நடக்கவும் வச்சிருவோம்னு நம்புறேன்." எழுந்து போகும்போது, எழுந்திருக்க வேண்டுமானால் முதலில் ரெண்டு நிமிஷம் காலைத் தொங்கப்போட்டு உட்காருங்கள், தனியாக எழாதீர்கள், உங்கள் மனைவியிடமும் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டீபனும் திரையை அணைத்துவிட்டு அவர் பின்னாலேயே போய்விட்டார்.

உலகம்மாள் உள்ளே வந்தபோது அவர் மேஜை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் முகம் கழுவியிருந்தாள், முன்நெற்றி முடியில் ஈரம் இருந்தது. ஸ்டூலில் உட்காராமல் சுவரை ஒட்டி நின்றாள். வெளியே யாரோ ஒரு தள்ளுவண்டியை உருட்டிப் போகும் சத்தம் வராந்தாவின் கடைசிவரை போய் ஓய்ந்தது.

"எப்பலேருந்து தெரியும்?" என்றார்.

"நீங்க காப்பிய மோந்து பாத்த அன்னைக்கே."

"கேட்டிருக்கலாம்லா."

"நீங்க கேட்டிருக்கலாம்லா?" என்றாள். குரல் ஏறவில்லை. "எத்தன நாள் அடுக்களை வாசல்ல நின்னேன். ஒரு வார்த்தை கேப்பியன்னு. சட்டியத் தூக்கி எறிஞ்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். கடையில தின்னுட்டு வந்து வயிறு சரியில்லன்னு சொல்லுதிய. நானும் சரின்னு மூடி வைக்கேன். ராத்திரியெல்லாம் யோசிப்பேன், மஞ்சப் பொடி மாத்துனமே, எண்ணெய் மாத்துனமே, எதுல தப்பு வந்துச்சுன்னு. நாந்தான் கொன்னுட்டிருக்கேனோன்னு எனக்கே பயம்."

"தப்புதான்" என்றார் ஆவுடையப்பன். நாக்கை உரித்து எடுத்துத்தான் அதைச் சொல்ல முடிந்தது. "பெரிய தப்பு." இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினார். அக்கா சொன்னாள் என்று சொல்லலாம். போனில் போட்டிருந்தது என்று சொல்லலாம். ஆறில் ஐந்து சரியாக இருந்தது என்று சொல்லலாம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார்.

"இந்த அஞ்சு நாளும் இருப்பேன்," என்றாள். "மருந்து ஏறி முடியட்டும். அதுக்குப் பொறவு செங்கோட்டைக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிக் கொஞ்ச நாள் இருக்கணும். வருவேனா மாட்டேனான்னு இப்பம் கேக்காதிய. எனக்கே தெரியல."

இதைச் சொல்வதில் அவளுக்கு என்ன காரியம் என்று உள்ளே ஒன்று கேட்டது. அவர் அதற்குப் பதில் தேடாமல் இருந்து பார்த்தார். அவள் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டார்: அஞ்சு நாள். அண்ணன் வீடு. தெரியல. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அது எவ்வளவு கனமாக இருந்தது.

"ரெண்டு நிமிஷம் ஆயிருச்சு," என்றாள். "வார்டுக்குப் போகணும். எந்திரிங்க."

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். பிடிக்கவில்லை, கையை மட்டும் அவர் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி வைத்திருந்தாள். அவர் பாதத்தைத் தரையில் ஊன்றி எழுந்தார். ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரி வேப்பமரமும் அதன்கீழ் நிறுத்திய ஆட்டோக்களும் தெரிந்தன. பிடரி இழுத்தது. ஆட்டோக்களின் ஓரம் கறுக்கத் தொடங்கியது. இந்த நாலு மாசத்தில் எத்தனையோ முறை இப்படிக் கறுத்திருக்கிறது, ஒரு முறைகூட அவர் அவளிடம் சொன்னதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒண்ணுமில்ல போ என்றே சொல்லியிருக்கிறார். இப்போதும் அதுதான் வாய் நுனிக்கு வந்தது.

"கறுக்குது உலகு," என்றார்.

"உக்காருங்க," என்றாள்.

உட்கார்ந்தார்.